சிகாகோ குளிரில் ஒரு பெரணிக்காடு

ஊரிலிருந்து யாராவது கோடையில் சிகாகோவுக்கு வந்தால் கவலை இல்லை. ஏரிக்கரை இருக்கிறது, டவுன்டவுனில் எல்லாரும் போட்டோ எடுக்கும் அந்த வெள்ளி நிறப் பீன்ஸ் வடிவச் சிற்பம் இருக்கிறது, லெமான்ட்டிலும் அரோராவிலும் கோயில் இருக்கிறது, ஒரு வாரம் தாராளமாக ஓடிவிடும். ஜனவரியில் வந்தால்தான் கை பிசைய வேண்டியிருக்கும். ஆனால் பேறுகாலம் பார்க்க வருகிறவர்கள் சீசன் பார்த்தா வர முடியும், குழந்தை எப்போது பிறக்கிறதோ அப்போதுதான் வர முடியும். அப்படித்தான் என் மாமியார் கம்பத்திலிருந்து நவம்பர் கடைசியில் வந்து இறங்கினார். வந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் எங்கள் அபார்ட்மென்ட், கார், மளிகைக்கடை, மருத்துவமனை, மறுபடி அபார்ட்மென்ட். வாழைத்தோப்பும் திராட்சைப் பந்தலும் பார்த்து வளர்ந்தவர், பால்கனி வழியாக வெளியே நிற்கும் மொட்டை மரங்களைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார், "ஏன் மாப்ள, அம்புட்டும் பட்டுப் போச்சா?" இல்லை அத்தை, ஏப்ரல் கடைசியில் துளிர்த்துவிடும் என்றேன். என் முகத்துக்காகத் தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை.

அம்மாவை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள், மால் மட்டும் வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். வெளியே மைனஸ் 14. கார்ஃபீல்ட் பார்க் கன்சர்வேட்டரி என்கிற கண்ணாடி வீட்டுத் தோட்டம் என்று எனக்குத் தோன்றியதற்கு முழுக் காரணம் அங்கே ஹீட்டர் இருக்கும் என்பதுதான், அதற்கு மேல் பெரிய யோசனை எதுவும் இல்லை.

நகரத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது இந்தப் பூங்கா. 1869ல் சென்ட்ரல் பார்க் என்ற பெயரில் ஆரம்பித்து, 1881ல் ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டு இறந்த பிறகு அவர் பெயரை வைத்தார்கள். கன்சர்வேட்டரி 1908ல் திறந்தது. கண்ணாடிக்கூரைக்கு அடியில் சுமார் 2 ஏக்கர் தோட்டம். நாங்கள் போனபோது அனுமதி இலவசம், ஆன்லைனில் நேரம் பதிவு செய்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. ரயிலில் போகிறவர்களுக்கு கிரீன் லைனில் கன்சர்வேட்டரி பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது, இறங்கினால் எதிரே கட்டடம். நாங்கள் காரில் போனோம்.

காரை நிறுத்தி இறங்கியதும் அத்தை கட்டடத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "என்ன, வைக்கப்படப்பு மாதிரி இருக்கு." அவர் சும்மாதான் சொன்னார். ஆனால் இதைக் கட்டிய யென்ஸ் யென்சன் நினைத்ததே அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ணாடி வீடு என்றால் அரண்மனை மாதிரி கோபுரம், வளைவு, பூவேலை என்று கட்டுவார்கள். பெங்களூரு லால்பாக்கில் 1889ல் கட்டிய கண்ணாடி மாளிகையைப் பார்த்தவர்களுக்கு அந்த ரசனை தெரியும். யென்சனுக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை. இந்தப் பிரதேசத்துக் குடியானவர்கள் வயலில் அடுக்கி வைக்கும் வைக்கோல் போரின் உருவத்தைக் கண்ணாடியில் எழுப்பினார். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து கம்பத்திலிருந்து வந்த ஒருவர் யாரும் சொல்லாமலே அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்றால் மனிதர் சரியாகத்தான் கட்டியிருக்கிறார்.

யென்சனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டென்மார்க்கில் 1860ல் பிறந்தவர், 1884ல் அமெரிக்கா வந்தார். சிகாகோ மேற்குப் பூங்காக்களில் கூலியாளாகத்தான் வேலைக்குச் சேர்ந்தார். 1888ல் யூனியன் பார்க்கில், இங்கே வயல் ஓரங்களில் தானாக முளைக்கும் காட்டுப்பூச்செடிகளைக் கொண்டுவந்து ஒரு தோட்டம் போட்டார். களை என்று மற்றவர்கள் பிடுங்கி எறிவதை இவர் பாத்தி கட்டி வளர்த்தார். படிப்படியாக மேலே வந்து, அங்கே நடந்த ஊழலில் பங்குபோட மறுத்ததால் 1900ல் வேலையை விட்டே தூக்கினார்கள். 1905ல் நிர்வாகம் மாறியதும் அதே பூங்காக்கள் அனைத்துக்கும் தலைமைப் பொறுப்பில் திரும்ப வந்து உட்கார்ந்தார். ஹம்போல்ட், டக்ளஸ், கார்ஃபீல்ட் என்று மூன்று பூங்காக்களில் பாழடைந்து கிடந்த மூன்று சின்னக் கண்ணாடி வீடுகளையும் இடித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றாகக் கட்டியதுதான் இது.

கதவைத் திறந்து உள்ளே போனதும் என் மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனி மூடிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. அத்தை கண்ணாடி போடாதவர், அதனால் நான் துடைத்து முடிப்பதற்குள் அவர் ஜெர்கினைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு பத்தடி முன்னால் போயிருந்தார். இங்கே போகிறவர்களுக்கு ஒரு யோசனை: கேமராவை உடனே வெளியே எடுக்காதீர்கள், பைக்குள்ளேயே ஒரு கால் மணி நேரம் வைத்திருங்கள், இல்லாவிட்டால் லென்ஸும் இதே கதிதான். மேலங்கியை அங்கேயே எங்காவது மாட்டிவிடுங்கள். ஈரமும் சூடும் கலந்த அந்தக் காற்றில் கம்பளி ஸ்வெட்டரோடு நடப்பது பெரிய அவஸ்தை.

முதலில் வருவது பனை வீடு. பெயர்தான் பனை, உள்ளே அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது எல்லாம் இருக்கிறது. இங்கேதான் நம் ஆட்கள் எல்லாரும் நிற்கிறார்கள். அன்றைக்கும் இரண்டு தமிழ்க் குடும்பம், ஒரு தெலுங்குக் குடும்பம். மரத்தைக் கட்டிப்பிடித்துப் போட்டோ, இலைக்குக் கீழே போட்டோ, "அப்படியே நம்ம ஊர் மாதிரியே இருக்குல்ல" என்று ஒரு வீடியோ கால். எனக்கு இது கொஞ்சம் எரிச்சல். நம் ஊரில் சாக்கடை ஓரத்தில் நிற்கும்போது ஒருநாளும் ஏறிட்டுப் பார்க்காத மரத்தை பதினாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து கட்டிப்பிடிப்பானேன். அத்தையும் அப்படித்தான் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மரங்களைப் பார்க்கவே இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரம் கூரையத் தொட்டுருச்சுன்னா என்ன பண்ணுவாக?"

நல்ல கேள்வி. மாவோ வேம்போ என்றால் நுனியைக் கவாத்து பண்ணிவிடலாம், பக்கத்தில் கிளை விடும். தென்னை, பனை வகையில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே குருத்து. அதை வெட்டினால் மரமே போச்சு. ஆக, கண்ணாடி வீட்டுக்குள் வைத்த பனைக்கு ஆயுள் கூரையின் உயரம்தான். ஒருநாள் தலை இடிக்கும், அன்றைக்கு அடியோடு அறுத்து எடுக்க வேண்டியதுதான். இதைச் சொன்னதும் "பாவம்" என்றார், அவ்வளவுதான், அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

அடுத்த கதவுக்குப் பின்னால் இருப்பதுதான் பெரணி (ஃபெர்ன்) அறை. இந்தப் பதிவையே அதற்காகத்தான் எழுதுகிறேன், மற்ற அறைகளை நேரம் இல்லை என்றால் விட்டுவிடலாம்.

கதவைத் தாண்டியதும் நாம் நிற்கும் இடம் மேடு. அறை நம் காலுக்குக் கீழே பள்ளமாக இறங்குகிறது. நடுவில் ஒரு சின்ன நீர்நிலை, அதைச் சுற்றி அடுக்கடுக்காகப் பாறை, பாறை இடுக்கு முழுக்கப் பெரணி. எங்கோ தண்ணீர் விழும் சத்தம். தொட்டி இல்லை, பெஞ்சு மேல் வரிசையாக அடுக்கிய சட்டி இல்லை, எல்லாம் மண்ணில் நேரடியாக நட்டது. அந்தக் காலத்துக் கண்ணாடி வீடுகளில் செடிகளைச் சட்டியில் வைத்துப் பெயர் எழுதி வரிசை கட்டுவதுதான் வழக்கம். யென்சன் அதை உடைத்து, கண்ணாடிக்குள் ஒரு நிலப்பரப்பையே உண்டாக்கினார். சூடாக்கும் குழாய்கள், இயந்திரங்கள் எல்லாவற்றையும் பாறைச் சுவருக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். திறந்த புதிதில் வந்தவர்கள், ஏற்கெனவே இங்கே ஒரு குளம் இருந்திருக்கிறது, அதன் மேல் கண்ணாடியைக் கட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்தார்களாம். நிஜத்தில் குளமும் கிடையாது, பாறையும் கிடையாது, எல்லாம் கொண்டுவந்து வைத்தது.

அந்தப் பாறை அடுக்கைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தட்டையான கல், ஒன்றன்மேல் ஒன்று, படிப்படியாக. நம் ஊரில் காட்டாற்று ஓரத்தில் கிடக்கும் உருண்டைப் பாறை மாதிரி இல்லை. இந்தப் பக்கத்து ஆறுகள் சுண்ணாம்புக்கல்லை அறுத்துக்கொண்டு போகும் இடத்தில் கரை இப்படித்தான் பலகை பலகையாக இருக்கும், அதைப் பார்த்துத்தான் இதை அடுக்கச் சொல்லியிருக்கிறார். அருவியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கொத்தனார் கட்டிய அருவியில் தண்ணீர் மலையிலிருந்து கொட்டுகிற மாதிரி தடதடவென்று விழுந்திருக்கிறது. யென்சன் இது இல்லை என்று பிரிக்கச் சொன்னார். மறுபடி கட்டினார், மறுபடி பிரிக்கச் சொன்னார். சமவெளியில் ஓடுகிற ஓடை, கல்லுக்குக் கல் தயங்கித் தயங்கி இறங்க வேண்டும் என்று எவ்வளவு சொல்லியும் கொத்தனாருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் மெண்டல்சனின் வசந்தகாலப் பியானோ இசை ஒன்றை வாசித்துக் காட்டிய பிறகுதான் அவருக்குப் புரிந்து, தண்ணீர் அப்படி விழும்படி கல்லை வைத்தாராம். அத்தைக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்கு யென்சன் மேல் மதிப்பு வரவில்லை, கொத்தனார் மேல்தான் இரக்கம் வந்தது. "பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுன நாளுக்கெல்லாம் கூலி குடுத்தாரா?" அது எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை.

படியில் இறங்கித் தண்ணீர்ப் பக்கம் போனோம். மரப் பெரணியைப் பார்த்ததும் அத்தை நின்றுவிட்டார். கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துப் பக்கம் போனால் ஓடையோரம் இதன் சொந்தக்காரர்கள் கிடக்கும். பார்க்கத் தென்னங்கன்று மாதிரி, ஆனால் குருத்து நேராக வராது, சுருட்டி வைத்த பிடிலின் தலைபோல உருண்டு வந்து மெல்ல அவிழும். அந்தச் சுருளின்மேல் பழுப்பு மயிர் அடர்ந்திருந்தது. அதைக் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தவர், பக்கத்தில் தாழ்வாகத் தொங்கிய வேறொரு பெரணி இலையை விரல் நுனியால் இலேசாகத் தூக்கிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, இங்க பாருங்க. செதில் பூச்சி அப்பிருக்கு."

இலையின் அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளி, கடுகைவிடச் சிறிது. ஆனால் ஒவ்வொரு சிறு மடலிலும் நடுநரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, அச்சடித்த மாதிரி. பூச்சி எங்காவது இப்படி வரிசை பிடித்து உட்காருமா. பள்ளிக்கூடத்தில் தாவரவியல் படித்தவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும், சோரஸ். அதற்குள் ஸ்போர்ப் பைகள். பெரணிக்குப் பூ கிடையாது, காய் கிடையாது, விதையும் கிடையாது. இந்தப் புள்ளி முற்றி வெடித்தால் பொடி மாதிரி ஸ்போர் பறக்கும். ஈரமான இடத்தில் விழுந்த ஸ்போர் நேராகப் பெரணியாக முளைக்காது. முதலில் நகத்தைவிடச் சிறிதாக, இதய வடிவத்தில் ஒரு பச்சைத் தகடாகத் தரையோடு ஒட்டி வளரும். ஆணும் பெண்ணும் இருப்பது அந்தத் தகட்டின் அடியில்தான். ஆண் உயிரணு, படிந்திருக்கும் தண்ணீரில் நீந்திப் போய்ப் பெண் உயிரணுவைச் சேர வேண்டும். சேர்ந்தால்தான் நாம் பார்க்கிற பெரணி வரும்.

இதையெல்லாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அத்தை கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தார். "அப்ப தண்ணி இல்லாட்டி வம்சம் இல்லன்னு சொல்லுங்க." அதேதான். பெரணி ஏன் எப்போதும் ஓடையோரம், பாறை இடுக்கு, கிணற்றுச் சுவர் என்று தேடிப் போய் வளர்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமாக எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை.

சரி, இப்போது அசல் விஷயத்துக்கு வருகிறேன். இந்த அறையில் யென்சன் காட்ட நினைத்தது வெப்பமண்டல நாடு எதையும் இல்லை. தென்னமெரிக்காவோ ஜாவாவோ கேரளமோ இல்லை. இல்லினாய். வெகுகாலத்துக்கு முன்னால் இந்த இடமே எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து போட்ட தோட்டம் இது. அறிவிப்புப் பலகையில் இதைப் படித்தபோது விளையாட்டாகச் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் பட்டது, வெளியே மைனஸ் 14 ஆயிற்றே.

விளையாட்டு இல்லை. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த நிலப்பகுதி பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் கிடந்தது. கண்டங்கள் நகர்ந்து நகர்ந்துதான் இப்போதைய குளிருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அன்றைக்கு இங்கே சதுப்புக்காடு. மரப் பெரணிகள், ராட்சத உருவத்தில் குதிரைவால் செடிகள், லெபிடோடென்ட்ரான் என்கிற 30 மீட்டர் மரங்கள். பூ பூக்கும் செடி ஒன்றுகூட உலகத்தில் அப்போது கிடையாது. அந்தக் காடு விழுந்து, சேற்றில் புதைந்து, அமுங்கி, இல்லினாயின் நிலக்கரி ஆனது. கார்ஃபீல்ட் பார்க்கில் இந்த வீட்டைக் கட்டிய காலத்தில் சிகாகோவின் கட்டடங்களைச் சூடாக்கிக்கொண்டிருந்ததும் பெரும்பாலும் நிலக்கரிதான். பழைய பெரணிக்காட்டை எரித்துக் குளிர்காய்ந்த ஒரு நகரம், நடுவில் ஒரு பெரணிக்காட்டையும் கட்டிக்கொண்டிருக்கிறது. யென்சன் இப்படி யோசித்தாரோ இல்லையோ, எனக்கு அங்கே நின்றபோது இதுதான் ஓடியது.

தரையில் பாசி மெத்தைபோலப் படர்ந்திருந்த ஒரு செடியைக் கவனிக்காமல்தான் தாண்டியிருப்பேன், பலகை இருந்ததால் நின்றேன். செலாஜினெல்லா. கணுக்கால் உயரம்கூட இல்லை. நான் மேலே சொன்ன 30 மீட்டர் லெபிடோடென்ட்ரானுக்குத் தூரத்துச் சொந்தம் இது. அந்த மரங்கள் எல்லாம் போய்விட்டன, இந்தச் சின்ன உருவம் மட்டும் கோடிக்கணக்கான வருஷம் தாக்குப்பிடித்திருக்கிறது.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். அறையில் சைகஸ் செடிகளும் உண்டு, பார்க்க ஈச்சமரக் கன்று மாதிரி விறைப்பாக நிற்கும். அழகுதான், பழமையானதுதான், ஆனால் அதன் காலம் டைனோசர் காலம். நிலக்கரிக் காட்டுக்கு ரொம்பப் பின்னால். அறையைக் காலவரிசைப்படி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மனதில் அதைத் தனியாக ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் பார்த்தால் தோட்டம் போட முடியாது என்பதும் தெரியும்.

பெரணி அறையில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. போட்டோ எடுக்கிற கூட்டம் ஏறக்குறைய இல்லை. வந்தவர்களும் மேட்டில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஏனென்றால் இங்கே காட்ட ஒரு பூகூட இல்லை. சுத்தப் பச்சை. அதிலும் எத்தனை பச்சை என்பது உட்கார்ந்தால்தான் தெரியும். உட்கார இடமும் இருக்கிறது.

மற்ற அறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ட் வீடு என்று ஒன்று, சேப்பங்கிழங்கு, சேனை, மணிபிளான்ட் எல்லாம் சேர்ந்த குடும்பத்துக்காக. கம்பத்து வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அத்தை வளர்க்கிற மணிபிளான்ட் இலை உள்ளங்கைகூட வராது. மரத்தைப் பற்றி ஏற விட்டால் அதே செடியின் இலை முறம் அகலத்துக்கு வந்து ஓரமெல்லாம் கிழிந்து தொங்கும் என்று சொன்னேன், பார்த்துவிட்டு, அதைப் பாட்டிலில் போட்டு இத்தனை வருஷம் பட்டினி போட்டுவிட்டேனே என்றார். கிளைவிடாத பூங்கொத்துகளில் உலகத்திலேயே மிகப் பெரியது, பிண வாடை அடிக்கும் என்று செய்தியில் வருமே டைட்டன் ஆரம், அதுவும் இந்தக் கன்சர்வேட்டரியில் பூத்திருக்கிறது. அது சுமத்ராவில் வளரும் சேனை, வேறொன்றும் இல்லை. நம் சேனையைப்போலவே நிலத்தடியில் கிழங்கு, ஒரு சமயத்தில் ஒரே இலை. படத்தைக் காட்டினேன். "சேனை பூத்தா நம்ம கொல்லையிலயும் எலி செத்த நாத்தம்தான் அடிக்கும், அதுக்கா கியூவுல நிக்கிறாக?" ஆமாம், நிற்கிறார்கள். இங்கே நீர்த்தடாகத்தில் மஞ்சள் நிறத்தில் அல்லி இலை மாதிரி கண்ணாடித் தட்டுகள் மிதப்பதுபோல நிற்கும். 2001ல் டேல் சிஹூலி இங்கே நடத்திய கண்ணாடிச் சிற்பக் கண்காட்சிக்குப் பிறகு நிரந்தரமாக வைத்துக்கொண்டது. எனக்கு அது ஒட்டவில்லை, என் மனைவிக்குப் படத்தில் பார்த்ததும் ரொம்பப் பிடித்துவிட்டது.

இன்னொரு அறைக்கு 'சூரியனிலிருந்து சர்க்கரை' என்ற அர்த்தத்தில் பெயர். தண்ணீர், வெளிச்சம், காற்று, சர்க்கரை என்று நாலாகப் பிரித்து இலை எப்படிச் சோறு சமைக்கிறது என்று காட்டுகிறார்கள். வாழை, கரும்பு, அன்னாசி, கோகோ. குழந்தைகளுக்கு நன்றாக இருக்கும். அடிமரத்திலேயே காய்க்கும் கோகோவை அத்தை தட்டிப் பார்க்கப் போனார், நான் தடுத்தேன். வாழையை மட்டும் தொழில்முறையில் மேலும் கீழும் பார்த்தார், என்ன ரகம் என்று கேட்டார், பலகையில் இருந்த லத்தீன் பெயர் இருவருக்குமே உதவவில்லை. பாலைவன அறையில் கள்ளி. அதற்குள் எனக்குப் பசி.

ஒன்று சொல்லாமல் விட்டால் முழுமையாகாது. இத்தனை பச்சையையும் தாங்கி நிற்பது ஒரு கண்ணாடித் தடிமனும் ஒரு ஹீட்டர் குழாயும்தான். 1994 ஜனவரியில் கடுங்குளிரில் இங்கே சூடாக்கும் அமைப்பு பழுதாகி, ஆராய்ட் வீட்டில் இருந்த செடிகளில் ஏராளமானவை செத்துப் போயின. இதைப் படித்துவிட்டு அந்த அறையில் நின்றால், வெளியே பனி குவிந்திருக்கும் கண்ணாடிக்கும் உள்ளே தொங்கும் இலைக்கும் நடுவே எவ்வளவு கொஞ்சம் இடைவெளி என்று கண் தானாக அளக்கும். அந்தச் சாவுக்குப் பிறகுதான் ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தின்மேல் அக்கறை திரும்பி, ஆதரவு அமைப்பு உருவாகிப் பழுதுபார்ப்பு தொடங்கியது. பிறகு 2011 ஜூன் 30 அன்று ஆலங்கட்டி மழை. கூரைக் கண்ணாடியில் ஏறக்குறையப் பாதி உடைந்தது. பெரணி அறை மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. உடைந்த கண்ணாடி நேராகக் கீழே இருந்த இலைகள் மேலும் மண்ணுக்குள்ளும் விழுந்து, அதை ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. பெரணி இலை எவ்வளவு மெல்லியது என்று கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை எப்படிப்பட்டதென்று தெரியும். அத்தோடு, நிழலில் வாழ்ந்து பழகிய செடிகள் திடீரென்று நேர் வெயிலுக்கு வந்துவிட்டன. 'ஒரு நேரத்தில் ஒரு கண்ணாடி' என்ற மாதிரிப் பெயரில் நன்கொடை திரட்டினார்கள். இப்போது இருப்பது உடைந்தாலும் சில்லுச் சில்லாகக் கொட்டாத ஒட்டுக்கண்ணாடி.

திரும்பி வரும்போது காரில் அத்தை ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் காடு நிஜமாவே இங்க இருந்துச்சுங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?" அதற்குப் பதில் சிகாகோவுக்குத் தென்மேற்கே, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் கிடக்கிறது. மேசன் க்ரீக் என்பார்கள். அந்தப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்கள் வெட்டி வெளியே கொட்டிய மண்மேடுகளில் செம்பழுப்பு உருண்டைக் கற்கள் கிடைக்கும். பிளந்தால் சிலவற்றுக்குள் பெரணி இலை அப்படியே பதிந்திருக்கும், நரம்பு உட்பட. டல்லி மான்ஸ்டர் என்று ஒரு விசித்திரப் பிராணியும் அங்கேதான் அகப்பட்டது. அது எந்த இனம் என்று இன்னும் சண்டை போடுகிறார்கள், ஆனாலும் இல்லினாய் அதைத் தன் மாநிலப் புதைபடிவமாக அறிவித்துவிட்டது. டவுன்டவுனில் ஃபீல்ட் மியூசியத்தில் இதெல்லாம் இருக்கிறது, பெரணி அறையைப் பார்த்த கையோடு அங்கே போய் இவற்றைப் பார்ப்பது என் சிபாரிசு. நாங்கள் அடுத்த வாரமே போனோம். கல்லுக்குள் இருந்த ஒரு இலைப்பதிவைப் பார்த்து அத்தை, இதுக்குப் பின்னாடி புள்ளி இருந்துச்சா என்று கேட்டார்.

நேரில் போய்ப் பொறுக்கவும் செய்யலாம், அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். ஆனால் அத்தைக்குத் திரும்பும் டிக்கெட் ஏப்ரலில், அதற்குள் தரை இளகுமா என்பது சந்தேகம். சுத்தியலால் அடித்தால் கல் கோணலாக உடைந்துவிடுமாம். பழகியவர்கள் செய்வது, கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு அப்படியே ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டு, வெளியே எடுத்து இளகவிட்டு, மறுபடி வைத்து, அது தானாகப் பதிவின் வாட்டத்தில் பிளக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்வது. சில கல்லுக்கு மாதக்கணக்கில் ஆகுமாம். எங்கள் ஃப்ரீசரில் துருவிய தேங்காயும் முருங்கைக்காயும் அத்தை வறுத்துப் பொடித்த பேறுகால மருந்துச் சாமான்களும் இருக்கின்றன. இதில் ஒரு கல்லுக்குக்கூட இடம் கிடையாது என்று மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அத்தை என் பக்கம். பால்கனியில் ஒரு வாளியில் போட்டு வைங்க மாப்ள, அதான் ஊரே ஃப்ரீசரா கெடக்கே என்கிறார்.